புக்கை தின்னாத ஐந்து பொன்ச்கிகள்

நாயின் மீது பழி போட நினைக்கிறவன் முதலில் அந்த நாயின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்த எளிய உண்மை எனக்கு ஐம்பத்தோராவது வயதில்தான் விளங்கியது. அந்த வயதில் மற்ற ஆண்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவராவார்கள், தேர்த்திருவிழாவில் முன்வரிசையில் நின்று வடம் பிடிப்பார்கள். நான் ஐந்து மாதக் குட்டிநாய் ஒன்றின் மீது பொய்க் குற்றம் சாட்டினேன். வெறும் வாயால் அல்ல, தடயமெல்லாம் தயாரித்து.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுத் தலைநகரின் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் அப்போது இருபத்திரண்டு வருடமாக வேலை. கோப்பை கழுவத் தொடங்கி, வெங்காயம் உரித்து, கடைசியில் இனிப்புப் பகுதிக்கு வந்து சேர்ந்தவன். ஒரு நாளைக்கு அறுபது கிறெம் புறூலே செய்வேன். பாலாடையும் முட்டையும் சேர்ந்த களியின் மேல் சீனியைத் தூவி நெருப்பால் கருக்குவது. நாற்பத்தைந்தாவது வயதில் எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தது. (கிறெம் புறூலேயால் வந்தது என்று மனைவி சொல்வாள். பரம்பரை என்று நான் சொல்வேன். வைத்தியர் இரண்டும்தான் என்றார். அதற்குப் பிறகு அவருக்கு எங்கள் வீட்டில் மதிப்பில்லை.) அன்றிலிருந்து ஆறு வருடம், சீனி உருகும் அந்த மணத்துக்குள்ளேயே நின்றும் ஒரு கரண்டிகூட நாக்கில் வைக்கவில்லை.

இதைப் பற்றி நான் பேசாத கலியாண வீடு கிடையாது. எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தேநீர்க்கடை வாசலில் சீனி போடாத தேநீரைத் தீர்த்தம் போலப் பிடித்துக்கொண்டு, "மனக்கட்டுப்பாடு எண்டால் என்னைப் பாருங்கோ" என்று முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் லட்டைக் கடித்தபடி தலையாட்டுவார்கள்.

புக்கை எங்கள் வீட்டுக்கு வந்தது என் மகள் அபிராவின் குளிர்ச்சட்டைப் பைக்குள். அபிரா மருத்துவமனைத் தாதி. புறநகரான ஓல்னேயில் இருக்கிற அவளுடைய தோழி வீட்டு நாய் ஆறு குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றை எங்களிடம் ஒரு சொல் கேட்காமல் கொண்டுவந்து வரவேற்பறைக் கம்பளத்தில் வைத்தாள். வெள்ளை வெளேரென்று, உருண்டையாக, குழைந்துபோய்க் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் பொங்கலைப் புக்கை என்போம். அப்படியே பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர் காதில் அது 'பூக்கே', அதாவது மலர்க்கொத்து, என்று விழும். "எவ்வளவு கவித்துவமான பெயர்!" என்பார்கள். நாங்கள் திருத்தப் போவதில்லை.

"நாய் உள்ளுக்கு வந்தால் நான் வெளியிலை. சாமி இருக்கிற வீடு" என்றாள் என் மனைவி வதனி. மூன்றாம் நாள் அவளே தரையில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, இடியப்பத்தைப் பாலில் பிசைந்து, "என்ரை குஞ்செல்லே, இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். (இருபத்தேழு வருடத் தாம்பத்தியத்தில் எனக்கு அந்தத் தொனி வாய்த்ததில்லை.) புக்கைக்கோ என்மேல்தான் உயிர். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் மடியில் ஏறிவிடும். அன்பு என்று நான் சொல்லிக்கொண்டேன். என் காற்சட்டை முழுக்க வெண்ணெய் மணக்கும் என்று அபிரா சொன்னாள்.

நாயைக் கேட்காமல் கொண்டுவந்தவள், அதற்குச் சில மாதம் முன்பு மாப்பிள்ளையை மட்டும் கேட்டுவிட்டுக் கொண்டுவரலாம் என்று நினைத்திருந்தாள். அதுதான் அவள் செய்த பிழை. கேட்டால் நான் எட்டு மாதம் மறுப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர் தோமெக். மின்சார வேலை. தாய் தகப்பன் போலந்திலிருந்து வந்து திரான்சியில் குடியேறியவர்கள். தகப்பன் இப்போது இல்லை. தாய் ஹலீனா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் சமைக்கிறார். நான் மறுத்ததற்கு உண்மையான காரணம் எல்லாத் தகப்பன்மாருக்கும் இருக்கிற அதே காரணம்தான்: சனம் என்ன சொல்லும். அதை மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே உயர்ந்த காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

"பிள்ளை, எனக்கு நிறம், சமயம் ஒண்டும் பிரச்சினை இல்லை. ஆனா நேர்மையான ஆக்களோ, பொய் புரட்டு இல்லாத குடும்பமோ எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எட்டு மாதமும் இதே வசனம். அபிராவுக்கு அது மனப்பாடம். நான் வாயைத் திறக்கும்போதே பிரெஞ்சில் மீதியைச் சொல்லி முடிப்பாள். கடைசியில் வதனிதான் ஒருநாள் கறி கிளறுகிற அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆக்களைக் கூப்பிட்டுக் கதைச்சால்தானே தெரியும். வாற வியாழன் உங்களுக்கு லீவு. கூப்பிடுறன்" என்றாள். அகப்பை இருந்த உயரத்தைப் பார்த்து நான் சம்மதித்தேன்.

அந்த வியாழன் போலந்துக்காரருக்கு ஒரு விசேட நாள் என்று எங்களுக்குத் தெரியாது. தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய கடைசி வியாழனை அவர்கள் கொழுத்த வியாழன் என்கிறார்கள். நாற்பது நாள் ஒறுப்புக்கு முன்னால் வயிற்றைத் திருப்திப்படுத்துகிற நாள். அன்று பொன்ச்கி தின்னாதவனுக்கு வருடம் முழுக்க அதிர்ஷ்டம் இல்லையாம். பொன்ச்கி என்பது உள்ளே ஜாம் வைத்துப் பொரித்த உருண்டைப் பணியாரம்.

பிற்பகல் மூன்று மணிக்கு நானும் புக்கையும் மட்டும் வீட்டில். வதனி வாழையிலையும் வடையும் வாங்க லாச்சப்பலுக்குப் போயிருந்தாள். மணி அடித்தது. தோமெக் நின்றார். கையில் நாடா கட்டிய வெள்ளைப் பெட்டி.

"வணக்கம் மாமா" என்றார் தமிழில். அபிரா பழக்கியிருந்தாள். பிறகு பிரெஞ்சுக்கு மாறினார். "அம்மா வேலை முடிந்து ஐந்து மணிக்கு வருவார். மெற்றோ நெரிசலில் நசுங்கிவிடும் என்று இதை முன்னதாக அனுப்பினார். குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டாம். அவர் வந்த பிறகு திறக்கட்டுமாம். தன் கையாலேயே தர ஆசைப்படுகிறார்."

"நிச்சயமாக" என்றேன். அவர் மருத்துவமனையில் அபிராவைக் கூட்டிக்கொண்டு தாயை அழைத்துவரப் போனார். நான் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

வெண்ணெய், ரோஜா, தோடம்பழத் (ஆரஞ்சுத்) தோல், லேசாக றம். பெட்டி மூடியிருந்தது. என் மூக்கு மூடியிருக்கவில்லை.

திறந்தது தொழில் முறையில்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். பாகு மூடியில் ஒட்டிக்கொண்டால் விருந்தாளிக்குத்தானே அவமானம்? இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு. பொன்னிறம். ஒவ்வொன்றின் இடுப்பிலும் வெளிறிய ஒரு வளையம், ஒட்டியாணம் போட்டதுபோல. மாவு எண்ணெயில் சரியாக மிதந்தால்தான் அந்த வளையம் விழும். ஒரு சமையல்காரனுக்கு அந்த வளையத்தைப் பார்த்தாலே செய்த கையைக் கும்பிடத் தோன்றும். வாழைப்பழமும் மாவும் பிசைந்து பொரிக்கிற எங்கள் வாய்ப்பன், வெளிநாடு வந்து நன்றாகப் படித்து வேலையிலும் சேர்ந்துவிட்டால் இப்படித்தான் இருக்கும்.

முதலாவதை மரியாதைக்காகத் தின்றேன். சம்பந்தி வீட்டுப் பலகாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் என்ன சொல்வது? அது போன வேகத்தில் உள்ளே என்ன இருந்தது என்று கவனிக்கவில்லை. இரண்டாவதை அதைக் கவனிப்பதற்காகத் தின்றேன். ரோஜா இதழ் ஜாம். அதற்குள் றம்மில் ஊறிய உலர்ந்த திராட்சை. (எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பிளம்ஸ்.) இப்போது ஆறு மிச்சம், வரிசைக்கு மூன்று, பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த இடத்தில் ஒரு மனிதன் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஆறில் ஒன்றுக்குப் பாகு கொஞ்சம் வெடித்திருந்தது. வெடித்ததை விருந்தாளிக்குக் கொடுப்பதா? அது போனதும் ஐந்து, ஒற்றை எண், வரிசை கோணல். நிமிர்த்துவதற்காக நான்காவது. அப்போதுதான் ஐந்து பேருக்கு நான்கு பொன்ச்கி வைத்தால் கஞ்சத்தனமாகத் தெரியும் என்று உறைத்தது. மூன்று வைத்தால் ஏதோ விபத்து நடந்திருக்கிறது என்று விளங்கிக்கொள்வார்கள். ஐந்தாவதையும் தின்றேன்.

ஆறு வருடக் கட்டுப்பாடு. கால்மணி நேரம்கூட எடுக்கவில்லை.

தின்ற மயக்கத்தில் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். படிக்கட்டில் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. வாசலில் ஆள் ஏறத் தொடங்கினால் யார், எத்தனை பேர், யாருக்கு முழங்கால் வலி என்பதெல்லாம் மேலே கேட்கும். வதனி சிரித்தாள். அறிமுகமில்லாத ஒரு பெண் குரல் பதிலுக்குச் சிரித்தது. கீழேயே சந்தித்துக்கொண்டு நால்வரும் சேர்ந்து வருகிறார்கள். எட்டு மாதமாக நேர்மை நேர்மை என்று முழங்கியவன் முன்னால் பாதி காலியான பெட்டி.

மேசைக்குக் கீழே புக்கை தூங்கிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்ததை நான் பெருமையோடு சொல்லவில்லை. மிஞ்சிய மூன்றையும் ஒரு தட்டில் எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தேன். பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன். மட்டை விழுந்த சத்தத்துக்கு எழும்பிய புக்கை, மட்டை என்றால் பாய்ந்து கிழிக்கிற சாதி, உடனே வேலையைத் தொடங்கியது. அத்தோடு விட்டிருக்கலாம். நான் பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பாகை விரலால் வழித்து அதன் மூக்கிலும் மீசையிலும் தடவினேன். அது என் விரலை நக்கி வாலை ஆட்டியது. நன்றி சொன்னது. மனச்சாட்சி சுட்டது உண்மைதான். ஆனால் படியில் ஆட்கள் இரண்டாம் மாடியைத் தாண்டிவிட்டார்கள்.

கதவு திறந்தது.

"ஐயோ, வந்து பாருங்கோ இந்த நாய் செய்த வேலையை!" என்று தலையில் கை வைத்தேன். "நான் குளியலறைக்குப் போட்டு வாறதுக்குள்ளை பெட்டியை இழுத்து விழுத்தி அஞ்சைத் திண்டிட்டுது! மூண்டைத்தான் என்னாலை காப்பாத்த ஏலுமாப் போச்சு." அதையே பிரெஞ்சிலும் சொன்னேன். பிரெஞ்சில் சொல்லும்போது நாயோடு கொஞ்சம் போராடியதாகவும் சேர்த்துக்கொண்டேன்.

எல்லோரும் சிரிப்பார்கள், குட்டிதானே என்பார்கள், அதோடு முடியும். அதுதான் என் திட்டம்.

ஹலீனா சிரிக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும், அகன்ற தோள், நீலப் பூப்போட்ட கழுத்துத்துண்டு. கையில் கொண்டுவந்த பூங்கொத்து தரையில் விழுந்தது.

"ஐந்தா?" என்றார். "ஐந்தும் முழுதாகவா?"

"முழுதாக" என்றேன். குரல் சற்று இறங்கியது.

"உள்ளே உலர்ந்த திராட்சை இருக்கிறது." அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். "நாய்க்கு அது நஞ்சு. என் நாய் அப்படித்தான் போனது. நத்தார்ப் பண்டிகைக் கேக்கைத் தின்றது. சிறுநீரகம் நின்று மூன்றாம் நாள் செத்தது. கடவுளே, உங்கள் குட்டியை நான் கொன்றுவிட்டேன்."

அவருடைய பிரெஞ்சில் போலந்து உருளும். என்னுடைய பிரெஞ்சு யாழ்ப்பாணத்திலிருந்து நடந்தே வந்தது. ஆனால் இந்த வாக்கியம் மட்டும் எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் விளங்கியது.

வதனி அலறினாள். "என்ரை குஞ்சு! என்ரை குஞ்சுக்கு என்ன நடந்தது!" அபிரா புக்கையைத் தூக்கி வாயைத் திறந்து பார்த்தாள். வாயோரமெல்லாம் சீனிப்பாகு. "அப்பா, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது? சரியாச் சொல்லுங்கோ."

"இப்பத்தான்… ஒரு அரை மணித்தியாலம் இருக்கும். ஒண்டும் நடவாது பிள்ளை. புக்கை நல்ல பலசாலி."

நான்கு பேரும் என்னைப் பார்த்த பார்வையில், இந்த வீட்டில் ஈரமில்லாத ஒரு மனிதன் இருக்கிறான் என்பது உறுதியானது. அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். 'நான்தான் தின்றேன்.' மூன்று சொற்கள்கூட இல்லை, இரண்டுதான். எட்டு மாதப் பிரசங்கம் குறுக்கே நின்றது.

மெற்றோவுக்கு அந்தப் பக்கம், இரண்டு தெரு தள்ளி ஒரு மிருக வைத்தியர் இருக்கிறார். ஹலீனா தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி அதில் புக்கையைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் ஓடினார். மாசி மாதக் குளிரில் அரைக்கைச் சட்டையோடு. பின்னால் தோமெக், அபிரா, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி வதனி, கடைசியில் வயிற்றில் ஐந்து பொன்ச்கியோடு நான். லாச்சப்பல் வீதியில் தெரிந்த முகமெல்லாம் கடை வாசலுக்கு வந்துவிட்டது.

"என்ன அக்கா, என்ன நடந்தது?" என்று பலசரக்குக் கடைத் தம்பி கத்தினார்.

"புக்கைக்கு நஞ்சாப் போச்சுது!" என்று வதனி ஓடியபடியே அழுதாள்.

அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "எந்தக் கடையிலை வாங்கின அரிசி அண்ணை? எங்கடையிலை இல்லைத்தானே?"

வைத்தியர் கண்ணாடி போட்ட இளம் பெண். புக்கையை மேசையில் வைத்து நிறை பார்த்தார். ஐந்தரைக் கிலோ. வயிற்றை அமுக்கினார். திரும்பவும் அமுக்கினார்.

"ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது?"

ஹலீனா முஷ்டியை மடித்துக் காட்டினார். பெரிய முஷ்டி.

"இது போல ஐந்தா? வயிறு தட்டையாக இருக்கிறதே."

"ஓடி வந்ததில் செரித்திருக்கும்" என்றேன். வைத்தியர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"எதுவாக இருந்தாலும் திராட்சை என்றால் காத்திருக்க முடியாது. வாந்தி வரவைக்க ஊசி போடுகிறேன்."

"ஊசி வேண்டாமே" என்றேன்.

"ஏன்?"

"பாவம். வலிக்கும்."

சொன்ன எனக்கே கண் கலங்கியது. அந்தக் குட்டி குற்றமற்றது என்று உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். அதுவும் மேசையில் நடுங்கிக்கொண்டு என்னைத்தான் பார்த்தது. தோமெக் என் தோளில் கை வைத்து, "தைரியமாக இருங்கள் மாமா" என்றார். அபிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு இவ்வளவு பாசம் இருக்குமெண்டு எனக்குத் தெரியாது" என்றாள். ஆறு வயதுக்குப் பிறகு அவள் என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக ஒன்று சொல்லிக் கேட்டதில்லை.

ஊசி போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஹலீனா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வேலை செய்து காய்த்துப்போன கை, என் கையைப் போலவே. "என்னை மன்னியுங்கள். விடியற்காலையில் எழும்பிப் பொரித்தேன். உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று. பிள்ளைகளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று. இப்படிச் செய்துவிட்டேனே."

இதற்கு மேல் ஒரு மனிதன் தாங்க முடியாது. உண்மையைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தேன். மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன்.

ஏப்பம் வந்தது. நீண்ட, ஆழமான, ரோஜா மணத்தோடு ஓர் ஏப்பம்.

ஹலீனாவின் மூக்கு மெல்ல நிமிர்ந்தது. அவர் என் கையை விட்டுவிட்டார்.

கதவு திறந்தது. வைத்தியர் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். பின்னால் தாதி புக்கையைத் தூக்கி வந்தார். குட்டி சோர்ந்திருந்தது, ஆனால் வால் ஆடியது. வைத்தியர் ஒரு சிறிய குச்சியால் தட்டில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். வெள்ளை மட்டைத் துண்டு ஆறு. நாடா அரைச் சாண். காலையில் தின்ற இடியப்பம். கறிவேப்பிலை இரண்டு. தமிழ் எழுத்தோடு ஒரு கடதாசி. வதனி குனிந்து பார்த்தாள். எங்கள் வீட்டு நாட்காட்டியின் அன்றைய தாள். சம்பந்தி வருவதற்காக அவள் பார்த்து வைத்திருந்த நல்ல நேரம் அதில் இருந்தது.

"மாவு இல்லை. ஜாம் இல்லை. ஒரு திராட்சைகூட இல்லை" என்றார் வைத்தியர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"வீட்டில் வேறு நாய் இருக்கிறதா?"

அந்த அறையில் இருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வேண்டுமென்று திரும்பவில்லை, அவர்களுடைய கழுத்துகள் தாமாகத் திரும்பின. நான் வேர்த்து ஊற்றிக்கொண்டு, காத்திருப்போருக்கு வைத்திருந்த தண்ணீரில் ஏழாவது குவளையைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, உங்கடை பாக்கிலை அப்பான்ரை சீனி பாக்கிற மெசின் இருக்கோ?" என்றாள் அபிரா. வதனி எங்கே போனாலும் அதைக் கைப்பையில் கொண்டுபோவாள். எடுத்துக் கொடுத்தாள்.

"அப்பா, விரலைத் தாங்கோ."

"வீட்டை போய்ப் பாப்பம் பிள்ளை."

"விரலை."

குத்தினாள். ஒரு துளி இரத்தம். மெசின் யோசித்தது. ஒரு கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது மூன்று கிராம் நாற்பது (ஊர்க் கணக்கில் முந்நூற்று நாற்பது) என்று காட்டியது. நாயின் வயிற்றில் தேடிக் கிடைக்காத ஐந்து பொன்ச்கியும் என் விரல் நுனியில் அகப்பட்டன.

"நான்தான் திண்டனான்" என்றேன் தமிழில். பிறகு பிரெஞ்சில். போலந்து மொழியில் சொல்ல அவசியம் இருக்கவில்லை.

வதனி புக்கையை வாங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஹலீனா எழுந்து போலந்து மொழியில் ஒரே வாக்கியம் சொன்னார். நீளமான வாக்கியம். நான் தோமெக்கைப் பார்த்தேன். "மாமா, அதை மொழிபெயர்க்காமல் விடுவது நல்லது" என்றார். ஹலீனா தன் குளிர்ச்சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு கதவு வரை போனவர், நின்றார். திரும்பினார்.

"உள்ளே வெந்திருந்ததா?" என்று கேட்டார்.

"என்ன?"

"மாவு. நடுவில் பச்சையாக இல்லைத்தானே? இன்று எண்ணெய் கொஞ்சம் சூடு கூடிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்."

"மதாம்" என்றேன், "இருபத்திரண்டு வருடம் சமையலறையில் நிற்கிறேன். என் கையால் அப்படி ஒன்று வந்ததில்லை."

அவர் தலையை ஒருமுறை அசைத்துவிட்டுப் போனார். நான் அழுதேன் என்று வதனி இன்றும் சொல்கிறாள். சீனி கூடினால் கண் கலங்கும் என்பது என் வாதம்.

அன்றைய விருந்து நடக்கவில்லை. அபிரா என்னை நேரே வைத்தியரிடம் கூட்டிப்போனாள் (மனித வைத்தியரிடம்). அவர் மருந்தைக் கூட்டி, புக்கையைத் தினமும் ஒரு மணிநேரம் நடத்திக்கொண்டு போகச் சொன்னார். அதாவது நடக்க வேண்டியது நான்தான், நாய் துணைக்கு. வீட்டுக்கு வந்தபோது வதனி அலுமாரிக்கு மேலிருந்த மூன்று பொன்ச்கியையும் எடுத்து, ஒன்றைத் தானும் ஒன்றை அபிராவும் தின்று, மூன்றாவதைத் தோமெக்குக்கு என்று மூடி வைத்தாள். எனக்குப் பாகற்காய்.

மறுநாள் தோமெக் தொலைபேசியில் அபிராவிடம் சொன்ன செய்தி என்னைப் படுக்கையில் போட்டது. தாய் யோசிக்க ஒரு வாரம் கேட்கிறாராம். பெண் நல்லவள்தானாம், ஆனால் தகப்பன் எப்படிப்பட்டவர், எப்படிப்பட்ட குடும்பம் என்று பார்க்க வேண்டுமாம். எட்டு மாதம் நான் கேட்ட அதே கேள்வி. அபிரா என் அறை வாசலில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "நேர்மையான ஆக்களோ எண்டு இப்ப அவை கேக்கினம். நான் என்ன சொல்ல?" என்றாள். கோபத்தில் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உண்மையிலேயே பதில் தெரியாமல் கேட்டாள்.

அந்த ஒரு வாரமும் வீட்டில் என்னோடு பேசிய ஒரே சீவன் புக்கை. அதுதான் நான் அநியாயம் செய்த சீவனும். நடக்கப் போகும்போது சங்கிலியைத் தானே வாயில் கவ்விக்கொண்டு வரும். தெருவோரத்து வாடிக்கை வாங்குப் பலகையில் நான் உட்கார்ந்தால் என் சப்பாத்தின் மேல் நாடியை வைத்துப் படுக்கும். கோபத்தை மனதில் வைக்கத் தெரியாத பிராணியோடு பழகுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வாரம் கண்டேன்.

ஆறாம் நாள் என்னால் முடியவில்லை. யாருக்கும் சொல்லாமல் புக்கையையும் கூட்டிக்கொண்டு திரான்சிக்குப் போனேன். ஹலீனா கதவைத் திறந்து என்னைப் பார்க்கவில்லை, கீழே குனிந்து நாயைப் பார்த்தார். "உடம்பு சரியா?" என்று அதனிடம் கேட்டார். நான் மூன்று நாளாக மனதில் எழுதி வைத்திருந்த மன்னிப்பைப் பிரெஞ்சில் ஒப்புவிக்கத் தொடங்கினேன். இரண்டாம் வாக்கியத்தில் வினைச்சொல் மறந்துபோய்விட்டது.

"என் மகள் பொய் சொல்ல மாட்டாள்" என்றேன் கடைசியில். "அவள் தாயைப் போல. என்னைப் போல இல்லை."

ஹலீனா குனிந்து புக்கையின் காதைச் சொறிந்தார். பிறகு, "என் புருஷன் ஒருமுறை திருமண வீட்டுக் கேக்கில் மேல்தட்டைத் தின்றுவிட்டுப் பூனை என்று சொன்னார்" என்றார். "அந்த வீட்டில் பூனையே இல்லை." கதவை அகலத் திறந்தார். கோப்பி தந்தார். சீனியில்லாமல்.

கலியாணம் அடுத்த ஆவணியில் நடந்தது. தோமெக் விருந்தில் பேச எழுந்து கதை முழுவதையும் பிரெஞ்சில் சொன்னார், அபிரா தமிழில் சொன்னாள், ஹலீனா போலந்து மொழியில் நடித்தே காட்டினார், ஏப்பம் உட்பட. முந்நூறு பேர் மூன்று தடவை சிரித்தார்கள். லாச்சப்பல் தேநீர்க்கடையில் இப்போது என்னிடம் மனக்கட்டுப்பாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் கதவுத் திறப்பு காணாமல் போனாலும், குடை காணாமல் போனாலும், ஒருவர் மற்றவரைப் பார்த்து, "வீட்டில் வேறு நாய் இருக்கிறதா?" என்று அந்த வைத்தியரின் குரலிலேயே கேட்பார்கள்.

இதெல்லாம் நடந்து ஏழு வருடமாகிறது. புக்கை கொழுத்து, நடு வயதாகி, என்னைவிட மெதுவாகப் படியேறுகிறது. போன மாதம் பேத்தியை எங்களிடம் விட்டுவிட்டு அபிராவும் தோமெக்கும் கடைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது மேசையில் இருந்த சாக்லேட் பெட்டி காலி. பேத்திக்கு மூன்று வயது. வாயிலும் கன்னத்திலும் காது வரையிலும் சாக்லேட். பக்கத்தில் புக்கை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"ஆர் திண்டது?" என்று வதனி கேட்டாள்.

பிள்ளை நாயைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. சற்று யோசித்தது. பிறகு சாக்லேட் அப்பிய விரலை என் பக்கம் நீட்டி, "அம்மப்பா" என்றது.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பிள்ளையின் முகத்தைப் பாருங்கள் என்றேன். வதனி அதற்குள் சீனி பார்க்கிற மெசினை எடுத்துவர உள்ளே போய்விட்டாள்.